மூக்கன் சொன்ன ‘இல்லை’

குடிநீர் அலுவலகத்தில் அவளுடைய உண்மையான பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி பள்ளம் தோண்டுகிறவர் முதல் பெரிய அதிகாரி வரை எல்லாருக்கும் அவள் காதக்கா. தரைக்கு அடியில் தண்ணீர் கசிகிற சத்தத்தைக் கேட்டு இடத்தைச் சொல்வது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறாள். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, அதன் மேல்முனையில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு மூடி. கம்பியை வால்வின் மேல் ஊன்றுவாள், மூடியில் காதை வைப்பாள், மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். “இங்கேருந்து எட்டடி, சுவரோரமா” என்பாள். தோண்டினால் எட்டடியில், சுவரோரமாகக் குழாய் வெடித்திருக்கும். ஒரு தடவையாவது தப்பாகச் சொல்லித் தொலைக்க மாட்டாளா, நாமும் நாலு வார்த்தை பேசிச் சிரிக்கலாமே என்று தோண்டுகிறவர்கள் ஏங்கிப்போய்க் கிடந்தார்கள்.

பிடிவாதக்காரி. ஒரு தெருவில் தண்ணீர் குறைகிறது என்று மீட்டர் காட்டிவிட்டால் அந்தத் தெருவை லேசில் விடமாட்டாள். ஒருமுறை நடந்து ஒன்றும் கேட்காவிட்டால் மறுபடி நடப்பாள், அப்புறம் இன்னொரு தடவை நடப்பாள். ஒரு ரொட்டிக்கடை வாசலில் ஒரே வாரத்தில் பதினோரு முறை கம்பியை ஊன்றிய பிறகு கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, “அம்மா, ரொட்டி வேணும்னா வாயத் தொறந்து கேளுங்க, தர்றேன்” என்றார். பன்னிரண்டாவது முறையில் அவருடைய அடுப்புக்குக் கீழேயே கசிவு அகப்பட்டது. மறுபடி மறுபடி நடந்தால் கிடைக்காதது கிடையாது என்று அன்றைக்கு அவள் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அது அவளைக் காப்பாற்றிய பழக்கம். பின்னால் ஓர் அப்பாவி ஜீவனை மாட்டிவிட்டதும் அதுதான்.

நாற்பத்தைந்து வயதில் வலது காது மந்தமானது. வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னாள். இடது காதை வைத்துச் சமாளித்தாள். ஆனால் வண்டிகள் பெருகப் பெருக, ஊர் எழுந்திருப்பதற்கு முன்னால் கிடைக்கிற அரைமணி நேர அமைதியும் சுருங்கிக்கொண்டே வந்தது. அப்போதுதான், குழாய்த் தண்ணீரில் கலக்கிற குளோரின் வாசனையை வைத்து நாய்கள் கசிவைக் கண்டுபிடிக்கின்றன என்று எங்கோ படித்தாள். நாய் வேண்டும் என்று மனு எழுதினாள். அதிகாரி சிரித்தார். “இப்ப நாய் கேப்பீங்க, அப்புறம் பூனை கேப்பீங்க.” நான்கு முறை மனு திரும்பி வந்தது. ஐந்தாவது முறை, இவளோடு மல்லுக்கட்டுவதை விடக் கையெழுத்துப் போடுவது சுலபம் என்று போட்டுக் கொடுத்தார்.

வந்தவன் மூக்கன். காவல் நாய்ப் பயிற்சியில் தேறாமல் கழிக்கப்பட்டவன். அந்நியரைப் பார்த்துக் குரைக்கச் சொன்னால் வாலை ஆட்டிக்கொண்டு போய்க் கையை நக்கினானாம். உலகத்தில் ஒருவர் முகமும் கோணக் கூடாது என்பது அவன் கொள்கை. நாயை ‘அவன்’ என்று எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும், சுளித்துக்கொள்ளட்டும். பேச்சு இருந்தால்தான் யோசனை இருக்கும் என்று நம்புகிறவர்கள் எங்கள் அலுவலகக் கூட்டங்களுக்கு ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். பேச்சுக்குக் குறைவே இருக்காது.

பழக்கியது எளிது. வாசனை தெரிந்தால் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் அவித்த முட்டையில் ஒரு துண்டு. உட்காருவது என்றால் ‘இங்கே இருக்கிறது’ என்று அர்த்தம். மூக்கனுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த ஒரே சொல் அதுதான், அதை வைத்துக்கொண்டே நாலு வருடம் ஓட்டினார்கள். நூறு கசிவுக்கு மேல் கண்டுபிடித்தார்கள். சில சமயம் தோண்டிய இடம் காய்ந்து கிடக்கும். “பக்கத்துலதான் இருக்கும், இன்னும் கொஞ்சம் தோண்டுங்க” என்பாள். தோண்டுவார்கள். சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. இல்லாத நாளை அவள் சீக்கிரம் மறந்துவிடுவாள். எல்லாரும் அப்படித்தானே.

மறக்காத ஆள் ஒருவர் வந்து சேர்ந்தார். புது இன்ஜினியர், ஒல்லியான மனிதர், குரல் உயர்த்தத் தெரியாதவர். போன வருடம் காய்ந்து கிடந்த பள்ளங்களை மட்டும் தனியாக எண்ணிப் பார்த்தார். பிறகு ஒரு நாள் அவளிடம் ஒரு தாளைக் கொடுத்து, “இந்த நாலு இடத்துலயும் கசிவுன்னு புகார் வந்திருக்கு, நாயை வெச்சு உறுதி பண்ணிடுங்கம்மா” என்றார்.

மூக்கன் நாலு இடத்திலும் உட்கார்ந்தான். நாலு பள்ளம் தோண்டினார்கள். இரண்டில் தண்ணீர், இரண்டில் புழுதி.

“புகார் வந்தது ரெண்டு எடத்துலேருந்துதான்” என்றார் இன்ஜினியர். “மத்த ரெண்டும் நான் சும்மா எழுதினது.”

அவளுக்குக் காது இரண்டும் அடைத்த மாதிரி இருந்தது.

“தப்பா நெனைக்காதீங்கம்மா. உங்க நாய் தண்ணிய மோந்து பாக்கல. உங்கள மோந்து பாக்குது. எங்க இருக்கும்னு நீங்க நெனைக்கிறீங்களோ, அங்க உக்காருது.”

பள்ளத்தில் நின்றிருந்த மேஸ்திரி மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருடம் காத்திருந்த நாள் வந்தும் அவரால் சிரிக்க முடியவில்லை. அவள் முகத்தில் ஈயாடவில்லை. மூக்கன் மட்டும் முட்டைத் துண்டுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

முடிவு அன்றைக்கே எழுதப்பட்டது. ஒரு மாதம் அவகாசம். மறுபடி ஒரு சோதனை. தேறாவிட்டால் மூக்கனைக் குழாய்க் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள். ஊருக்கு வெளியே, தகரக் கொட்டகை வாசலில், சங்கிலியில் கட்டிக் காவல் வேலை. குரைக்கத் தெரியாதவனுக்குக் காவல் வேலை! கிடங்குக் காவல்காரர் நல்லவர்தான். ஆனால் அங்கே கட்டிப்போட்ட நாய்கள் ஆறு மாதத்தில் என்ன ஆகும் என்று அவள் பார்த்திருக்கிறாள். சங்கிலி நீளத்துக்கு மண்ணில் ஓர் அரைவட்டம் போட்டுவிட்டு, பிறகு எழுந்திருப்பதையே நிறுத்திவிடும்.

“ஒரு மாசம் போதும் சார்” என்றாள். எப்படிப் போதும் என்று அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்காரருக்குப் பஸ் டிப்போவில் பிரேக் பார்க்கிற வேலை. அவர் அங்கிருந்து ஆறு காலிப் பெயின்ட் டப்பாக்களைக் கொண்டுவந்து கழுவி, மூடியில் துளை போட்டுக் கொடுத்தார். ஒன்றில் குழாய்த் தண்ணீரில் நனைத்த பஞ்சு. மற்ற ஐந்தில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் நனைத்த பஞ்சு. காய்ச்சினால் குளோரின் போய்விடும். கொல்லையில் வரிசையாக வைத்துவிட்டு அவர் உள்ளே போய்விடுவார். எதில் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

முதல் வாரம் முழுக்க அவமானம். வாசனை டப்பா வரிசையில் இருந்தால் மூக்கன் பெரும்பாலும் சரியாக உட்கார்ந்தான். மூக்கில் கோளாறு இல்லை, அது நிச்சயம். ஆனால் ஆறிலுமே காய்ச்சின தண்ணீர் வைத்த வரிசையிலும் எங்காவது ஓரிடத்தில் உட்கார்ந்தான். எங்கே என்று கவனித்தால், அவள் நடை எங்கே ஒரு விரற்கடை சுருங்குகிறதோ அங்கே.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டாள். கயிற்றை நீளமாக விட்டாள். வானத்தைப் பார்த்து நடந்து பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில் மாட்டிக்கொண்டாள். ‘இதுவாக இருக்குமோ’ என்ற நினைப்பு வந்தால்தானே வம்பு, நினைக்காமலே நடப்போம் என்று பதினேழாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நடந்தாள். வாய் வாய்ப்பாட்டைச் சொல்லியது, கால் தன் பாட்டுக்கு மூன்றாவது டப்பாவுக்குப் பக்கத்தில் தயங்கியது, மூக்கன் உட்கார்ந்தான். ஏன் மூன்றாவது? மற்றவற்றை விட அது கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. துருப்பிடித்தது கசியும் என்று இருபத்திரண்டு வருடக் கால் முடிவுகட்டியிருக்கிறது. அவள் மனதில் ஒரு வார்த்தைகூட ஓடவில்லை. சத்தியமாக ஓடவில்லை. வார்த்தையாக வருவதற்கு முன்னாலேயே நினைப்பு முழங்கால் வரைக்கும் போய், அங்கிருந்து கயிற்றில் இறங்கி, நாயிடம் சேர்ந்துவிடுகிறது. நாம் என்னவோ வாயால்தான் பேசுகிறோம் என்று இறுமாந்திருக்கிறோம்.

எட்டாம் நாள் சாயங்காலம் அவள் டப்பாவை உதைத்தாள். பச்சைச் சுவரில் போய் மோதி, பெயின்ட் ஒரு சில்லு பெயர்ந்தது. வீட்டுக்காரர் சத்தம் கேட்டு வந்தார்.

“போனாப் போவுது, அந்தச் சுவருக்கு வேற கலர் அடிச்சுக்கலாம்” என்றார்.

“ஏன், இந்தப் பச்சைக்கு என்ன கொறச்சல்?”

“ஒண்ணும் இல்ல.”

“என்னன்னு சொல்லுங்க.”

அவர் சுவரைப் பார்த்தார். “எனக்கு ஆரம்பத்துலேருந்தே பிடிக்காது.”

அவள் வாயைப் பிளந்தாள். பதினொரு வருடத்துக்கு முன்னால் வண்ண அட்டையை அவர் முன்னால் விரித்து வைத்து, “பச்சை அடிக்கலாமாங்க?” என்று அவள் கேட்டதும், “சரி” என்று அவர் சொன்னதும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

“அப்பவே பிடிக்கலன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேனே. மொதல்ல மஞ்சள்னுதான் சொன்னேன். ‘நல்லா யோசிச்சுச் சொல்லுங்க’ன்னே. யோசிச்சு மறுபடி மஞ்சள்னேன். ‘இன்னொரு தடவ அட்டையப் பாருங்க’ன்னே. மூணாவது தடவ பச்சைன்னேன். அப்பதான் காபி வந்துச்சு.”

“நான் என்ன உங்கள மெரட்டினேனா?”

“மெரட்டல. நான் சரியான பதில் சொல்ற வரைக்கும் கேட்டுட்டே இருந்தே. உன் மொகத்தப் பாத்தாலே என்ன பதில் வேணும்னு தெரியுமே. நீ வேற வாயால எதுக்குக் கேக்கறே?”

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பத்தொன்பது வருடமாகச் ‘சரி’ போட்ட மனுஷன், இப்போது பார்த்துக் கணக்குத் தீர்க்கிறாரே என்று வந்தது. திட்டுவதற்கு வாயெடுத்தவள், மூக்கனைப் பார்த்தாள். மூக்கன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அப்படியே கொல்லைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு தெருவில் மூக்கன் எங்கேயும் உட்காராமல் கடைசி வரைக்கும் நடந்துவிட்டால் அவள் என்ன செய்வாள்? மறுபடி நடத்துவாள். அப்போதும் உட்காராவிட்டால்? இன்னொரு தடவை. அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஐந்தாவது தடவையில், வெயிலில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அவள் முகம் எங்கே பதில் கேட்கிறதோ அங்கே உட்கார்ந்தான். உடனே முட்டை வந்தது, தலையில் தடவல் வந்தது, வீட்டுக்குப் போகிற வேளையும் வந்தது. ‘இங்கே ஒன்றும் இல்லையம்மா, வா போகலாம்’ என்பது அவன் மண்டைக்குள் எத்தனை நூறு தடவை வந்திருக்கும்! அதைச் சொல்ல அவனுக்கு அவள் வழியே கொடுக்கவில்லை. ‘இருக்கிறது’ என்ற ஒரே ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு, நாலு வருடமாக அவனிடம் பதில் கேட்டுக்கொண்டிருந்தாள். தெரியாமல் செய்ததுதான். ஆனாலும் அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

“நாளைக்கே மஞ்சள் அடிச்சிடுங்க” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“சரி” என்றார் அவர், பழக்க தோஷத்தில்.

மறுநாள் முதல் பாடம் மாறியது. வேலைக்குப் போகும்போது அவள் தோளில் மாட்டுகிற கித்தான் பை இடுப்புக்குக் கீழே தொங்கும். வரிசை முடிந்தும் வாசனை இல்லையென்றால் திரும்பி வந்து அந்தப் பையை மூக்கால் முட்ட வேண்டும். முட்டினால் ‘இல்லை’ என்று அர்த்தம். அதற்கும் முட்டை உண்டு. உட்காருவதற்கு ஒரு துண்டு என்றால் இதற்கு இரண்டு துண்டு என்று ஆரம்பித்தாள். நாலு வருடக் குற்றவுணர்ச்சி, கை தாராளமாகப் போய்விட்டது.

விளைவு, மூக்கன் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றான். மூக்குக்கு நேரே குளோரின் பஞ்சை நீட்டினாலும் பையை முட்டினான். காலையில் கதவைத் திறந்ததும் முட்டினான். ஆணியில் மாட்டியிருந்த பையைக்கூட விடவில்லை. வீட்டில் இன்னொருவருக்கும் இது தொற்றிக்கொண்டது. “ஞாயித்துக்கெழமை உங்க தங்கச்சி வீட்டுக்குப் போலாமா?” “வேணாம்.” “சட்னிக்கு உப்பு சரியா இருக்கா?” “இல்ல.” “இந்தச் சட்டை போட்டுக்கறீங்களா?” “மாட்டேன்.” பத்தொன்பது வருடப் பாக்கி, நாலு நாளில் பைசல் ஆனது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். சோதனைக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருந்தது.

பிறகு துண்டுகளைச் சமமாக்கினாள். இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. தப்பாகச் சொன்னால் திட்டு கிடையாது, முட்டையும் கிடையாது. வீட்டுக்காரர் டப்பாக்களை வைத்துவிட்டு, விடையை ஒரு சீட்டில் எழுதி மடித்து, தெருமுனை வரைக்கும் போய் நின்றுகொள்வார். கொல்லையில் அவர் நின்றால் மூக்கன் அவர் முகத்தையும் படித்துவிடுகிறான் என்று கண்டுபிடித்திருந்தார்கள். மூக்கன் பதில் சொன்னதும், சீட்டைப் பிரிப்பதற்கு முன்னால், அந்தப் பதிலை அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தனக்குத் தோன்றுகிறதை அல்ல, அவன் சொன்னதை. இது அவளுக்கு மூக்கனை விடக் கஷ்டமாக இருந்தது. நாற்பத்தொன்பது வயதில் வாயை அடக்கக் கற்றுக்கொள்வது லேசா?

ஒரு மதியம், துருப்பிடித்த டப்பாவுக்குப் பக்கத்தில் அவள் கால் வழக்கம்போலத் தயங்கியது. மூக்கன் நின்றான். அவள் முகத்தைப் பார்த்தான். டப்பாவை மோந்தான். மறுபடி முகத்தைப் பார்த்தான். அவன் நெற்றித் தோல் சுருங்கி விரிந்தது. அந்த ஒரு நிமிடத்தில் அந்தத் தலைக்குள் ஏதோ இழுபறி நடந்தது என்று அவள் எந்த நீதிமன்றத்திலும் ஏறிச் சொல்லத் தயார். பிறகு அவளைத் தாண்டி நடந்து வரிசையை முடித்துவிட்டு வந்து பையை முட்டினான். “இல்ல” என்று அவள் சொன்னாள். சீட்டிலும் இல்லை என்றுதான் இருந்தது.

சோதனைக்கு இரண்டு நாள் முன்னால் இன்ஜினியரிடம் போனாள்.

“சார், எங்க கசிவுன்னு தெரிஞ்சவங்க யாரும் அந்தத் தெருவுல நிக்கக் கூடாது. நீங்களும்தான்.”

“ஏம்மா?”

“உங்க மொகத்தையும் படிச்சிடுவான். எங்க கசியுதுன்னு யாருக்குமே தெரியாத தெருவாப் பாத்துக் குடுங்க. நான் முன்னாடியே போய் என் கம்பிய வெச்சுக் கேட்டு, எங்கன்னு நான் நெனைக்கிறேனோ அதைச் சீட்டுல எழுதி மடிச்சுத் தர்றேன். பிரிக்காம சட்டைப்பையில வெச்சுக்குங்க. அவன் வேற எடத்தச் சொல்லி, அங்க தண்ணி இருந்தா, என்னப் படிக்கலன்னு ஒத்துக்குவீங்களா?”

இன்ஜினியர் பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க எழுதினதும் அவன் சொல்றதும் ஒரே எடமா இருந்தா?”

“அப்ப வேற தெரு குடுங்க. வேற சீட்டு எழுதறேன்.”

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். “நல்ல சோதனைதாம்மா” என்றார். அவரை எதிரி என்று இத்தனை நாளாக நினைத்திருந்தவளுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

தெரு முன்னூறு அடிக்குக் கொஞ்சம் கூட. இரண்டு மீட்டருக்கு நடுவில் தண்ணீர் குறைகிறது. எங்கே என்று எவருக்கும் தெரியாது. மேஸ்திரி சுண்ணாம்புக் கோடு போட்டு அதைப் பத்துக் கட்டமாகப் பிரித்திருந்தார். அவள் விடியும்போதே கம்பியோடு வந்து, எல்லா வால்வுகளிலும் இடது காதை வைத்துக் கேட்டாள். நாலாவது கட்டத்தில் அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. வால்வில் ‘உஸ்’ என்று தெளிவான சத்தம். பக்கத்து வீட்டு மதில் அடியில் ஈரம், ஈரத்தில் பாசி. குழந்தைகூடச் சொல்லிவிடும். சீட்டில் ‘நாலு’ என்று எழுதி மடித்துக் கொடுத்தாள். அவளுக்கு இவ்வளவு நிச்சயமாகத் தெரிவதுதான் இன்றைக்கு ஆபத்து.

முதல் கட்டம். மூக்கன் மோந்துகொண்டு போய், திரும்பி வந்து பையை முட்டினான். “இல்ல.” முட்டை. இரண்டு, இல்லை. மூன்று, இல்லை.

நாலாவது கட்டத்தில் அவள் கால் தயங்கியது. தயங்காதே என்று அவள் எத்தனை சொல்லியும் தயங்கியது. தெருவில் நின்ற ஏழெட்டுப் பேரும் மதில் அடி ஈரத்தையே பார்த்தார்கள். மேஸ்திரி மண்வெட்டியைக் கையில் எடுத்தேவிட்டார். மூக்கன் ஈரத்தை மோந்தான். தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தான். அவளால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ள முடியும்? அது அங்கேயே, அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு இருந்தது. அவன் பின்னங்கால் லேசாக மடங்கியது. போச்சு என்று நினைத்தாள். கிடங்கு, தகரக் கொட்டகை, சங்கிலி எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்தன.

கால் நிமிர்ந்தது. மூக்கன் அந்தக் கட்டத்தைக் கடைசி வரைக்கும் நடந்தான். திரும்பி வந்தான். பையை முட்டினான்.

மேஸ்திரி மெதுவாகச் சொன்னார், “அக்கா, சரியா மோந்து பாக்கல போல. இன்னொரு தடவ நடத்துங்களேன்.”

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதே வார்த்தை அவள் நாக்கு நுனியிலும் தயாராக இருந்தது. இன்னொரு தடவை நடத்தினால் என்ன? ஒரே ஒரு தடவை. ஈரம் கண்ணால் தெரிகிறது, சத்தம் காதால் கேட்டிருக்கிறாள், நாய் தப்புச் செய்யாதா? கயிற்றை அரை அடி பின்னால் இழுத்தால் போதும், அவன் புரிந்துகொண்டு வந்து உட்கார்ந்துவிடுவான். நாலு வருடமாக அப்படித்தானே உட்கார்ந்தான். கயிற்றைப் பிடித்திருந்த கையை அவள் பையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையால் முட்டைத் துண்டை எடுத்து மூக்கனுக்குக் கொடுத்தாள்.

“நாலாவது கட்டம், இல்ல” என்றாள். “எழுதிக்குங்க சார்.”

ஐந்து, இல்லை. ஆறு, இல்லை. ஏழாவதில், சுக்காகக் காய்ந்த தரையில், சக்கரமில்லாமல் நின்ற ஒரு பழைய ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் மூக்கன் உட்கார்ந்தான். அவள் கால் அங்கே தயங்கவே இல்லை. அவள் அதைத் தாண்டி இரண்டடி போயிருந்தாள். கயிறு இழுபட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். மிச்சம் மூன்று கட்டத்தையும் நடந்தார்கள். இல்லை, இல்லை, இல்லை.

இன்ஜினியர் சீட்டைப் பிரித்துப் படித்தார். “ரெண்டையும் தோண்டுங்க. நாலு மொதல்ல” என்றார்.

நாலில் இடுப்பளவு தோண்டினார்கள். குழாய் முழுசாக, மேலே ஒரு கீறல்கூட இல்லாமல் கிடந்தது. ஈரம் அந்த வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தொட்டியிலிருந்து ஊறிய தண்ணீர், அதில் குளோரின் ஏது? வால்வு பாதி மூடித் திருகிக் கிடந்தது. நெருக்கிக்கொண்டு போகிற தண்ணீர் போட்ட சத்தத்தைத்தான் அவள் கசிவு என்று கேட்டிருக்கிறாள். இருபத்திரண்டு வருடத்தில் மேஸ்திரி ஏங்கிய தப்பு அது. அவர் பள்ளத்திலிருந்து அண்ணாந்து பார்த்து வாய்விட்டுச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “காதக்கா, காது போச்சே!” என்றார்.

“போகட்டும்” என்றாள் அவள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

ஏழில் மூன்றடி ஆழத்தில் மண் சேறானது. இணைப்பு விட்டுப்போய், தண்ணீர் பழைய சாக்கடைக்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “கிடங்குக்கு வேற நாய் பாத்துக்கறேன்” என்று மட்டும் சொன்னார்.

எல்லாரும் மூக்கனைச் சுற்றி நின்று தட்டிக்கொடுத்தார்கள். அவன் ஒவ்வொருவர் கையையும் முறையாக நக்கிவிட்டு, ஸ்கூட்டர் நிழலில் போய்ப் படுத்துக்கொண்டான். அவள் கொஞ்சம் தள்ளிப் போய், மதில் பக்கம் திரும்பி நின்று, வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். டிப்போவில் ஏதோ இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

“என்னாச்சு? தண்ணி கெடச்சுதா?” என்று அவர் கத்தினார்.

“கெடச்சுது. அத விடுங்க.” “அத்தன பேர் முன்னாடி, என் மொகத்தப் பாத்துட்டே, இல்லன்னு சொன்னான் அவன். நான் மறுபடி கேக்கல.”